ஷ்ரிங்க் ஷீட் ஏன் சுருங்குகிறது? வீட்டில் கீசெயின் பொம்மை செய்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஒரு பூனையை வரைகிறீர்கள். வண்ணம் தீட்டி, வெட்டி, ஓவனில் வைக்கிறீர்கள். தாள் நெளிகிறது, சுருள்கிறது, பார்க்கிற நமக்கே பதறுகிறது. அப்புறம் தானாக விரிந்து படுக்கிறது. வெளியே எடுத்தால் உள்ளங்கைப் பூனை கட்டைவிரல் அளவுக்கு வந்திருக்கிறது, நாணயம் மாதிரி கெட்டியாக. அதில் ஒரு வளையம் மாட்டினால் கீசெயின் தயார்.

எப்படி இது நடக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பிளாஸ்டிக் உருகி ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது என்பார் ஒருவர். உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று ஆவியாகிப் போகிறது என்பார் இன்னொருவர். சூடு பட்டால் எந்தப் பிளாஸ்டிக்கும் சுருங்கத்தானே செய்யும் என்று பேச்சை முடித்துவிடுவார் மூன்றாமவர். மூன்று பதிலும் சரியில்லை.

காரணம் தெரியாவிட்டால் குடி முழுகிப் போகாது. ஆனால் செய்முறைக் குறிப்புகள் வெறும் சடங்காகிவிடும். ஓட்டையை முதலிலேயே போடு, வெளிர் நிறம் பூசு, சுருள்கிறதே என்று பாதியில் எடுக்காதே என்பார்கள். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் தாளோ ஓவனோ மாறினால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறோம். உண்மையில் இந்த விதிகள் எல்லாமே ஒரே விஷயத்திலிருந்து கிளைப்பவை. கடையில் வாங்கும் ஷ்ரிங்க் ஷீட், தொழிற்சாலையிலேயே இழுத்துப் பெரிதாக்கி வைக்கப்பட்ட தாள். ஓவன் சூட்டில் அது தன் பழைய அளவுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான்.

எதுவும் காணாமல் போவதில்லை

முதலில் அந்த ஆவியாகும் கதையை முடித்துவிடலாம். நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு கிடைத்தால், வெட்டிய துண்டை ஓவனில் வைப்பதற்கு முன்பும் பின்பும் நிறுத்துப் பாருங்கள். எடை மாறியிருக்காது.

எடை அப்படியே இருக்கிறது, ஆனால் நீளமும் அகலமும் குறைந்துவிட்டன என்றால் மிச்சப் பிளாஸ்டிக் எங்கே போயிற்று? தடிமனுக்குப் போயிருக்கிறது. கணக்கு எளிது. 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் 4 செ.மீ. சதுரமாகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 100 சதுர செ.மீ.யிலிருந்து 16 ஆகிறது. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அதனால் தடிமன் ஏறக்குறைய ஆறு மடங்காக வேண்டும். தாள் 0.3 மி.மீ. இருந்தால் முடிவில் கிட்டத்தட்ட 1.9 மி.மீ. வரும். 0.2 மி.மீ. தாளானால் 1.25 மி.மீ.தான். கீசெயின் செய்த கையோடு வளைகிறது, உடைகிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் மெல்லிய தாளில் செய்தவர்கள். பையில் தொங்கி அடிபடப்போகிற பொருளுக்கு 0.3 மி.மீ.க்குக் குறையாத தாளே என் தேர்வு. காதணிக்கு 0.2 போதும்.

இதுவரை சொன்னதன் சாரம்: சுருங்கும்போது பிளாஸ்டிக்கின் கன அளவு குறைவதில்லை. பரப்பில் இழந்ததைத் தடிமனில் பெறுகிறது.

ரப்பர் பேண்டும் மெழுகும்

ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, அவற்றுக்கு நடுவே ஒரு ரப்பர் பேண்டை நன்றாக இழுத்து மாட்டுங்கள். அதன்மேல் உருக்கிய மெழுகைத் தடிமனாக ஊற்றி ஆறவிடுங்கள். மெழுகு இறுகியபின் ஆணிகளைப் பிடுங்கினாலும் ரப்பர் சுருங்காது, மெழுகு விடாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சாதாரண மெழுகுக்கட்டி. உள்ளே ஒரு இழுவிசை சிக்கியிருப்பது தெரியாது. இப்போது அதைச் சூடாக்குங்கள். மெழுகு இளகியதும் ரப்பர் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும்.

ஷ்ரிங்க் ஷீட்டிலும் இதேதான் நடக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. இங்கே ரப்பர் தனி, மெழுகு தனி என்று இரண்டு பொருள்கள் இல்லை. ஒரே பிளாஸ்டிக், ஆறியிருக்கும்போது மெழுகின் வேலையையும் சூடானபின் ரப்பரின் வேலையையும் செய்கிறது. அது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

சங்கிலிகள் ஏன் சுருள விரும்புகின்றன

பெரும்பாலான ஷ்ரிங்க் ஷீட்டுகள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் நமக்குப் பழக்கமானது. தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான், காற்றை நிரப்பி உப்பவைத்த பாலிஸ்டைரீன்.

பாலிஸ்டைரீன் ஒரு பாலிமர். ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாக ஆனால் அதற்குப் பெயர் பாலிமர். இந்தச் சங்கிலிகளை அவற்றின் போக்கில் விட்டால் நேராக நிற்காது. கன்னாபின்னாவென்று மடங்கிச் சுருண்டுதான் கிடக்கும். யாரும் சுருட்டிவிட வேண்டியதில்லை. சூட்டில் மூலக்கூறுகள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கின்றன. ஒரு சங்கிலி நேராக நிற்க ஒரே வழிதான் உண்டு, சுருண்டு கிடக்கவோ கோடிக்கணக்கான வழிகள். ஆட்டத்தில் எது வாய்க்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இழுத்த ரப்பர் பேண்ட் திரும்பிச் சுருங்குவதற்கும் இதே காரணம்தான்.

சரி, அப்படியானால் கடையில் இருக்கும் தாள் ஏன் அங்கேயே சுருங்கிவிடவில்லை? ஏனென்றால் சாதாரண வெப்பநிலையில் பாலிஸ்டைரீன் சங்கிலிகளால் இடம்பெயர முடியாது. ஒன்றோடொன்று நெருக்கியடித்து, இருந்த இடத்திலேயே லேசாக அதிர்வதோடு சரி. ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் அவை நகரத் தொடங்குகின்றன. கண்ணாடிபோல் விறைப்பாக இருந்த பிளாஸ்டிக் ரப்பர்போல் இளகும் இந்த எல்லைக்குக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று பெயர். கட்டுரையில் இனி எல்லை வெப்பநிலை என்றால் இதைத்தான் சொல்கிறேன்.

தொழிற்சாலையில் செய்வது இதுதான். பாலிஸ்டைரீன் தாளை எல்லை வெப்பநிலைக்குச் சற்று மேலே சூடாக்குகிறார்கள். இளகிய தாளை உருளைகள் நீளவாக்கில் இழுக்கின்றன. பிறகு ஓரங்களைப் பிடிப்புகள் பற்றி அகலவாக்கில் இழுக்கின்றன. சுருண்டு கிடந்த சங்கிலிகள் தாளின் தளத்தில் நீண்டு படிகின்றன. அவை மீண்டும் சுருள நேரம் கொடுக்காமல் தாளைக் குளிர்வித்துவிடுகிறார்கள். இழுவை அப்படியே உறைந்துவிடுகிறது.

நம் வீட்டு ஓவனில் அந்தத் தாள் மறுபடி எல்லை வெப்பநிலையைத் தாண்டுகிறது. இந்த முறை பிடித்திழுக்க யாரும் இல்லை. சங்கிலிகள் தங்களுக்குப் பிடித்த சுருளுக்கே திரும்புகின்றன, தாளும் கூடவே சுருங்குகிறது.

அப்படியானால் உருகுவது என்ற சொல் இங்கே பொருந்தாது. இந்த வகைப் பாலிஸ்டைரீனுக்குப் பனிக்கட்டிபோல் திட்டவட்டமான உருகுநிலையே கிடையாது. சூடேற ஏற மேலும் மேலும் இளகும். நாம் வேலை செய்யும் சூட்டில் அது ரப்பர் நிலையில் இருக்கிறது, திரவமாக அல்ல. உண்மையிலேயே உருகியிருந்தால் பூனையின் காது எங்கே, வால் எங்கே என்று தெரியாமல் ஒரு சொட்டாக நிற்கும்.

சுருக்கமாக: நீண்ட சங்கிலிகளை இழுத்து, குளிர்வித்து, பூட்டி வைத்த தாள் இது. சூடு பூட்டைத் திறக்கிறது. சங்கிலிகள் தாமாகச் சுருள்கின்றன.

எது சுருங்கும், எது சுருங்காது

இழுத்து உறைய வைத்திருந்தால்தான் சுருங்கும் என்பது தெரிந்துவிட்டால், குப்பையிலிருந்து பிளாஸ்டிக் எடுத்துச் சோதிப்பவர்களின் பாதிக் குழப்பம் தீரும். பேக்கரியில் கேக் வைத்துத் தரும் தெளிவான மூடிகளில் சிலவற்றின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருக்கும். அது பாலிஸ்டைரீனைக் குறிக்கும் எண். அதன் தட்டையான பகுதியை வெட்டி வைத்தால் பெரும்பாலும் சுருங்கும். ஆனால் எந்தத் திசையில் எவ்வளவு என்று சொல்ல முடியாது. மூடியை அச்சில் வார்க்கும்போது ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுபட்டிருக்கும். விளையாட்டுக்குச் சரி, முகம் வரைந்து வைத்தால் கோணிக்கொள்ளும்.

ஓ.எச்.பி. ஷீட்டில், அதாவது அச்சிட்டுப் புரொஜெக்டரில் வைத்துக் காட்டும் தெளிவான தாளில், முயன்று ஏமாந்தவர்களும் உண்டு. அந்தத் தாள்களில் பலவும் பாலியெஸ்டர். அதுவும் இழுத்துத் தயாரித்ததுதான். ஆனால் இழுத்தபின், பிடியை விடாமலேயே உயர்ந்த வெப்பத்தில் வைத்து அதன் சுருங்கும் ஆசையைத் தொழிற்சாலையிலேயே போக்கிவிடுகிறார்கள். பிரிண்டருக்குள் சூட்டில் சுருங்கினால் அதனால் என்ன பயன்? அதனால் நம் ஓவனிலும் அது பெரிதாகச் சுருங்காது.

தண்ணீர் பாட்டிலின் மூடியைச் சுற்றி இறுக்கியிருக்கும் மெல்லிய உறையும், மின்கம்பி இணைப்பின்மேல் மாட்டிச் சூடு காட்டும் குழாயும் இதே தத்துவத்தில் இயங்குபவை. பிளாஸ்டிக் வகைதான் வேறு. என்ன வகை என்று தெரியாத பிளாஸ்டிக்கை மட்டும் ஓவனில் வைக்காதீர்கள். பி.வி.சி.யாக இருந்து அளவுக்குமேல் சூடானால் அமில வாயு வரும்.

விஸ்கான்சினிலிருந்து ஆய்வுக்கூடம் வரை

இந்தத் தாளைக் குழந்தைகளின் கைவேலைப் பொருளாகப் பிரபலமாக்கியவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் புரூக்ஃபீல்ட் ஊரைச் சேர்ந்த பெட்டி மோரிஸ், கேட் புளூம்பெர்க் என்ற இரண்டு பெண்கள். சிறுவர் சாரணர்களுக்கு ஒரு கைவேலை தேடிப்போய், 1973இல் ஷ்ரிங்கி டிங்க்ஸ் என்ற பெயரில் அதை விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். ஜப்பானில் இதைப் பிராபான் என்கிறார்கள். அங்கே சின்ன டோஸ்டர் ஓவனில் கசக்கி விரித்த அலுமினியத் தாளின்மேல் வைத்துச் சுடுவது வழக்கம். கசக்கிய தாளில் மேடுபள்ளம் இருப்பதால் பிளாஸ்டிக் அங்கங்கே மட்டும் தொடும். ஒட்டாமல் வழுக்கிச் சுருங்கும்.

இதைவிட எனக்குப் பிடித்த கதை இன்னொன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகம் 2005இல்தான் திறக்கப்பட்டது. அங்கே வேலைக்குச் சேர்ந்த மிஷெல் கைன் என்ற விஞ்ஞானிக்கு, மயிரிழை அளவு கால்வாய்களில் திரவம் ஓடும் சின்னஞ்சிறு சில்லுகள் தேவைப்பட்டன. அதற்கு வேண்டிய விலையுயர்ந்த வசதி வளாகத்தில் இல்லை. சிறுவயதில் விளையாடிய ஷ்ரிங்கி டிங்க்ஸ் அவர் நினைவுக்கு வந்தது. தாளில் பிரிண்டரால் கோடுகளை அச்சிட்டு ஓவனில் சுருக்கினார். கோடுகள் ஒடுங்கின, அதேசமயம் டோனர் மை குவிந்து மேடாக எழுந்தது. அந்த மேடுகளை அச்சாக வைத்து, மேலே ரப்பர் போன்ற பொருளை ஊற்றி எடுத்தால் கால்வாய் தயார். 2008இல் அவர் குழுவின் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. பரப்பில் குறைவது உயரத்தில் கூடும் என்று மேலே பார்த்தோமே, அதே கணக்குதான் அங்கே ஆய்வுக்கருவியானது.

வரையும்போது

இனி கைவேலை. முதல் வேலை பூனை வரைவது அல்ல, உங்கள் தாளின் குணத்தை அளப்பது. ஓரத்தில் 10 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, எந்தப் பக்கம் நீளவாக்கு என்று அம்புக்குறி போட்டு, சுருக்கி அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 4.2 செ.மீ., மறுபக்கம் 4.6 செ.மீ. என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தனித்தனியாக இழுத்த தாளில் இரண்டு இழுவையும் அச்சாக ஒன்றாக இருக்காது. இந்தத் தாளில் வட்டம் வரைந்தால் முட்டையாக வரும். ஜோடிக் காதணியில் ஒன்றைக் குறுக்காகவும் ஒன்றை நெடுக்காகவும் வெட்டினால் இரண்டும் வேறு வேறு வடிவம். ஒரே தொகுப்புக்கான துண்டுகளை ஒரே திசையில் வெட்டுவதற்கு இதுவே காரணம். ஒரு சதுரத்தை வீணாக்கச் சோம்பல்பட்டு மொத்தத் தாளையும் வீணாக்குபவர்களே அதிகம்.

அளவு தெரிந்துவிட்டால் மற்றவை கணக்குதான். 4 செ.மீ. உயரப் பூனை வேண்டும், தாள் பத்துக்கு நான்காகச் சுருங்குகிறது என்றால் 10 செ.மீ. உயரத்தில் வரையுங்கள். 1 மி.மீ. கோடு 0.4 மி.மீ. ஆகிவிடும் என்பதால் கண், மீசை போன்ற கோடுகளைச் சற்றுத் தடிமனாகவே போடலாம். கை நடுங்கி விழுந்த கோணலும் கூடவே சுருங்கிவிடும். வரையத் தெரியாது என்பவர்களுக்கு இந்தக் கைவேலை பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வண்ணத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பூசிய நிறமி அவ்வளவும் ஆறில் ஒரு பங்கு இடத்தில் நெருங்கி உட்காருவதால் நிறம் ஏகத்துக்கும் அடர்ந்துவிடும். இளஞ்சிவப்பு கருஞ்சிவப்பாகும், பழுப்பு ஏறக்குறைய கறுப்பாகும். தாளில் இது போதாதே என்று தோன்றும் அளவுக்கு வெளிறப் பூசுவதே சரி. வண்ணப் பென்சில் வழவழப்பான தாளில் பிடிக்காது. நைஸ் உப்புத்தாளால் நெடுக்கும் குறுக்குமாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். ஒரே திசையில் தேய்த்தால் அந்தக் கீறல்களும் ஒடுங்கி, கோடுகோடாகத் தெரியும். பெர்மனென்ட் மார்க்கருக்குத் தேய்க்கத் தேவையில்லை. மெழுகு கிரேயான் வேண்டாம், ஓவனில் உருகி வழியும். லேசர் பிரிண்டரிலும் தாளை விடாதீர்கள். மையை ஒட்டவைக்க அந்த இயந்திரம் உள்ளே நன்றாகச் சூடேறும். தாள் அங்கேயே சுருங்கி மாட்டிக்கொண்டால் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

ஓட்டை விஷயத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பேப்பர் பஞ்சிங் மெஷின் போடும் 6 மி.மீ. ஓட்டை, சுருங்கியபின் 2.4 மி.மீ. ஆகும், வளையம் நுழையச் சரியான அளவு. சுருங்கிக் கெட்டியானபின் துளையிடப் போனால் பாலிஸ்டைரீன் கண்ணாடிபோல் விரிசல் விடும். ஓட்டை ஓரத்துக்கு மிக அருகில் வேண்டாம். ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே வெட்டும்போது 5 மி.மீ. விட்டாலும் கடைசியில் 2 மி.மீ.தான் மிஞ்சும், கீசெயினின் மொத்தப் பாரமும் அங்கேதான் தொங்கும்.

வெட்டும்போது மூலைகளை உருட்டிவிடுங்கள். தாளாக இருக்கும்போது மென்மையாகத் தெரியும் கூர்முனை, 2 மி.மீ. தடிமனில் குத்தும். உள்நோக்கிய மூலைகளில், உதாரணமாகப் பூனையின் காதுக்கும் தலைக்கும் நடுவே, கத்தரியின் முனை சற்றே கூடுதலாகப் போனாலும் அங்கிருந்து கிழியும். வாலைத் தனியாக நீட்டாமல் உடம்போடு ஒட்டி வரைவது நல்லது. ஒல்லியான பகுதி மற்ற இடங்களுக்கு முன்பே சூடேறி, தன் போக்கில் வளைந்துகொள்ளும்.

ஓவனுக்குள் நடப்பது

பெரும்பாலான பாக்கெட்டுகளில் 150 முதல் 175 டிகிரி வரை ஏதாவது ஒரு அளவு போட்டிருக்கும். எல்லை வெப்பநிலை 100 டிகிரிதான் என்கிறபோது இவ்வளவு எதற்கு? 100ஐ ஒட்டிய சூட்டில் சங்கிலிகள் மிக மெதுவாகவே நகரும். சுருக்கம் பாதியில் நிற்கும், ஒரே சீராகவும் இருக்காது. சூட்டை உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் வேலை முடிகிறது. ஓ.டி.ஜி. என்னும் சின்ன மின்சார ஓவனை முன்கூட்டியே சூடாக்கி வைப்பதும் இதற்காகத்தான். துண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எல்லையைத் தாண்ட வேண்டும்.

அப்படியும் அது சுருளத்தான் செய்யும். மேல்பக்கம் அடிப்பக்கத்துக்கு முன்பே சூடேறினால் மேல்பக்கம் முதலில் சுருங்கும். துண்டு மேல்நோக்கி வளையும். அடிப்பக்கமும் சூடேறிச் சுருங்கி முடித்ததும் இரண்டும் சமமாகி மறுபடி தட்டையாகும். பதறிப்போய்ப் பாதியில் வெளியே எடுத்தால் அந்தச் சுருளிலேயே இறுகிவிடும். கவலைப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: சுருளும்போது ஒரு முனை இன்னொரு முனையைத் தொட்டு ஒட்டிக்கொள்வது. பேக்கிங்குக்கான பட்டர் பேப்பரை அடியிலும் மேலேயும் போட்டால் இது பெரும்பாலும் நடக்காது. நடந்தால், நீளமான மரக்குச்சியால் சூட்டோடு சூடாகப் பிரித்துவிடலாம்.

துண்டு தட்டையாகி அசைவு நின்றதும் எடுத்து, பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து ஒரு தடித்த புத்தகத்தால் அழுத்துங்கள். இதற்குச் சில நொடிகளே கிடைக்கும். சின்னத் துண்டு சட்டென்று ஆறி எல்லை வெப்பநிலைக்குக் கீழே போய்விட்டால் பிறகு அழுத்தியும் பயனில்லை.

மைக்ரோவேவ் பற்றி ஒரு வார்த்தை. மைக்ரோவேவ் அலைகள் தண்ணீரைச் சூடாக்குவதுபோல் பாலிஸ்டைரீனைச் சூடாக்காது. ஏறக்குறைய ஊடுருவிப் போய்விடும். தாள் அப்படியே கிடக்கும். கன்வெக்‌ஷன் வசதி இருந்தால் அதில் செய்யலாம், அது ஓவனேதான். ஹேர் டிரையரின் சூடு போதாது. ஹீட் கன் போதும், ஆனால் ஒரு பக்கமாகக் காற்றடிப்பதால் துண்டு பறக்கும், கோணும்; குச்சியால் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். மெழுகுவர்த்திச் சுடர் கூடவே கூடாது. பாலிஸ்டைரீன் தீப்பிடித்தால் கரும்புகையோடு எரியும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். கடுமையான வாசனை வந்தால் சூடு அதிகம் என்று பொருள். சமையலும் இதுவும் ஒரே நேரத்தில் ஒரே ஓவனில் வேண்டாம். குழந்தைகள் வரையட்டும், வெட்டட்டும். ஓவன் பெரியவர்களிடம் இருக்கட்டும்.

மேல்பூச்சும் மறுசூடும்

பென்சில் வண்ணம் உரசலில் போகாமலிருக்க மேலே ஒரு பூச்சு தேவைப்படும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் பாதுகாப்பானது. கையில் இருக்கிறதே என்று நெயில் பாலிஷ் பூசினால் அதிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனை அரிக்கக்கூடும். மேற்பரப்பு மங்கும், வண்ணம் கலையும். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோனை ஒரு துண்டுத் தெர்மாகோலில் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தப் பூச்சானாலும் முதலில் அந்த 10 செ.மீ. சோதனைச் சதுரத்தில் பூசிப் பாருங்கள்; அதற்காகவே அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

பூச்சுக்கு முன் துண்டு வளைந்திருப்பது தெரிந்தால் மறுபடி ஓவனில் வைக்கலாம். இளகியதும் எடுத்து அழுத்தித் தட்டையாக்கலாம், அல்லது ஒரு பாட்டிலின்மேல் வைத்து வேண்டுமென்றே வளைத்து மோதிரமாகவும் ஆக்கலாம். முதல் முறையே முழுதாகச் சுருங்கியிருந்தால் இனி சுருங்காது, சங்கிலிகள் ஏற்கெனவே சுருண்டு முடித்துவிட்டன. அளவு சற்றுப் பெரிதாகிவிட்டது, இன்னொரு முறை வைத்துச் சின்னதாக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. புதுத் தாளில் சின்னதாக வரைய வேண்டியதுதான்.